சர்வே கணக்கில் கணங்களும் வென்படமும்: சேலத்துப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்தில் பல வருஷமாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். புராஜெக்ட் சமயம் வந்துவிட்டால் கல்லூரிப் பிள்ளைகள் சர்வே படிவக் கட்டோடு வாசலில் வந்து நிற்பார்கள். "எல்லாத்தையும் கூட்டினா மொத்தத்தைவிட அதிகமா வருதுங்க டீச்சர்" என்பதுதான் பெரும்பாலும் முதல் பேச்சு. அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கீழே வரும் எண்கள் எல்லாம் கணக்குப் புரிவதற்காக நானே வைத்தவை. சேலத்தையோ ஏற்காட்டையோ பற்றிய புள்ளிவிவரமாக எடுத்து எங்கும் போட்டுவிடாதீர்கள்.

கூட்டினால் ஏன் மொத்தத்தைவிட அதிகமாக வருகிறது? நான் தப்பாக எண்ணிவிட்டேனா?

எண்ணியது சரிதான். எதை எண்ணினோம் என்பதில்தான் சிக்கல். நீங்கள் எண்ணியது டிக்கை. மொத்தம் என்று வைத்திருப்பது ஆளை.

நம்மூர்த் தள்ளுவண்டிக் கடையையே எடுத்துக்கொள்வோம். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை: தட்டுவடை செட் என்றால், சின்னத் தட்டுவடை ஒன்றில் சட்னி தடவி, துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் வைத்து, இன்னொரு தட்டுவடையால் மூடித் தருவது. நொறுக்கல் என்றால் அதையே உடைத்துக் கலந்து தருவது. ஒரு வகுப்பில் 60 பேரிடம், "சாயங்காலம் எதை வாங்கிச் சாப்பிடுவீர்கள்? வாங்குவதற்கெல்லாம் டிக் போடுங்கள்" என்று கேட்டீர்கள். செட்டுக்கு 38 டிக், நொறுக்கலுக்கு 29 டிக். கூட்டினால் 67. வகுப்பில் இருப்பதோ 60 பேர்.

இரண்டுக்கும் டிக் போட்டவர்கள் 14 பேர் என்று வையுங்கள். அந்த 14 பேரும் 38-க்குள்ளேயும் இருக்கிறார்கள், 29-க்குள்ளேயும் இருக்கிறார்கள். இரண்டு தடவை எண்ணிவிட்டோம். ஒரு தடவையைக் கழித்தால் 67 − 14 = 53. செட்டோ நொறுக்கலோ ஏதாவது ஒன்றை வாங்குகிறவர்கள் 53 பேர். மீதி 7 பேர் இரண்டையுமே தொடுவதில்லை. இப்போது செட் மட்டும் 24, நொறுக்கல் மட்டும் 15, இரண்டும் 14, எதுவுமில்லை 7. கூட்டிப் பாருங்கள், 60.

கடைசியாகச் சொன்ன அந்த நான்கு எண்கள்தான் சர்வேயின் உண்மையான விடை. 38, 29 என்பவை அங்கே போய்ச் சேர்வதற்கான வழி மட்டும்.

கணம் என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். சர்வேயில் அது எங்கே இருக்கிறது?

ஒன்பதாம் வகுப்பில் முதல் பாடமே கண மொழிதான். நன்கு வரையறுக்கப்பட்ட பொருள்களின் தொகுப்பு கணம் என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். அதில் 'நன்கு வரையறுக்கப்பட்ட' என்ற சொற்களைப் பரீட்சையோடு விட்டுவிடுகிறோம். சர்வேயில் கழுத்தைப் பிடிப்பது அதுதான்.

ஒரு முறை சில மாணவிகளோடு ஏற்காட்டுப் பக்கம் ஒரு மலைக் கிராமத்துக்குப் போயிருந்தேன். காப்பி, மிளகு, ஆரஞ்சு மூன்றில் எந்த வீட்டில் எது இருக்கிறது என்பது கேள்வி. ஒரு பாட்டி வீட்டைச் சுற்றிச் சில்வர் ஓக் மரங்கள், ஒவ்வொன்றிலும் மிளகுக் கொடி இடுப்புயரம் தாண்டி ஏறியிருந்தது. கூட வந்த பெண் மிளகுக்கு டிக் போடப் போனாள். பாட்டி தடுத்துவிட்டார்: "மரந்தான் எங்களுது கண்ணு. காயைக் குத்தகைக்கு விட்டாச்சு. அதுல நமக்கு என்ன இருக்கு?"

அந்த வீடு மிளகுக் கணத்தில் உறுப்பா, இல்லையா? கொடி நிலத்தில் நிற்கிறதா என்று கேட்டால் உறுப்பு. இந்த வருஷக் காய் யாருக்கு என்று கேட்டால் உறுப்பு இல்லை. நாங்கள் நான்கு பேர் போயிருந்தோம். மற்ற மூவரும் அதுவரை குத்தகை வீடுகளுக்கு ஆளுக்கொரு விதமாக டிக் போட்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. திரும்பவும் முதல் வீட்டிலிருந்து நடந்தோம். அன்றைக்கு இருட்டுகிற வரை வேலை.

வென்படம் என்பது ஒவ்வொரு கணத்தையும் ஒரு வட்டமாகப் போட்டுக் காட்டும் படம். அதனால் படிவம் அச்சடிக்கும் முன்பே ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள். 'மிளகு: சொந்த நிலத்தில் காய்க்கும் கொடி குறைந்தது ஒன்று இருந்து, இந்த ஆண்டுக் காய் வீட்டுக்காரருக்கே வருவது.' இப்படி. உங்கள் ஆய்வுக்கு வேறு வரையறை தேவைப்படலாம். எதுவாக இருந்தாலும் எல்லோர் கையிலும் அதே வரி இருக்க வேண்டும்.

'மட்டும்', 'அல்லது', 'இரண்டும்'... இந்தச் சொற்களில்தான் எப்போதும் குழம்புகிறேன். ஒரு வழி சொல்லுங்களேன்.

இதில் தமிழ் நமக்கு நிறையவே உதவி செய்கிறது. சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்தாலே போதும்.

'செட்டும் நொறுக்கலும் வாங்குபவர்.' இரண்டு 'உம்' வந்தால் வெட்டு, செட் ∩ நொறுக்கல். நம் கணக்கில் 14.

'செட்டாவது நொறுக்கலாவது வாங்குபவர்', 'செட்டோ நொறுக்கலோ', 'குறைந்தது ஒன்றாவது.' ஆவது, ஓ வந்தால் சேர்ப்பு, செட் ∪ நொறுக்கல். 53. இதற்குள் இரண்டும் வாங்குபவர்களும் அடக்கம். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். வீட்டுக்கு வந்தவரிடம் "காப்பியா டீயா?" என்று கேட்டால் ஒன்றைத்தான் சொல்வார். அந்தப் பழக்கத்தில் கணக்கிலும் 'அல்லது' என்றால் இரண்டில் ஒன்றுதான் என்று நினைத்து 14 பேரை வெளியே தள்ளிவிடுகிறோம். கணக்கின் 'அல்லது' இரண்டையும் வாங்குபவர்களையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் வாங்குகிறவர்கள்தான் வேண்டுமென்றால் 'சரியாக ஒன்று' என்று எழுதுங்கள்; அது 24 + 15 = 39.

'செட் மட்டும்' என்பது வித்தியாசம். செட் வாங்கி, நொறுக்கல் வாங்காதவர். 24.

வெறுமனே 'செட் வாங்குபவர்' என்றால் 38, அதாவது முழு வட்டம். 'மட்டும்' இல்லாத இடத்தில் நாமாக ஒரு 'மட்டும்' போட்டுப் படிப்பதுதான் நான் பார்த்த விடைத்தாள்களில் அதிகம் வரும் பிழை.

அப்புறம் 'இல்லை'. 'செட்டும் இல்லை நொறுக்கலும் இல்லை' என்றால் 7. ஆனால் 'செட், நொறுக்கல் இரண்டையும் சேர்த்து வாங்குபவர் இல்லை' என்றால் 60 − 14 = 46. ஒரே 'இல்லை' நிற்கும் இடம் மாறினால் 7 எங்கே, 46 எங்கே. அறிக்கை எழுதும்போது இந்த இரண்டு வாக்கியங்களையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கேட்பவருக்குக் குழப்பமாக இருந்தால் நீட்டி எழுதுங்கள்; நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.

இந்த வேறுபாட்டைத்தான் பாடத்தில் டி மார்கன் விதிகள் என்று படிக்கிறோம். ஒரு கணத்தின் நிரப்பி என்றால் அந்தக் கணத்துக்கு வெளியே இருப்பவர்கள். சேர்ப்பின் நிரப்பி என்பது நிரப்பிகளின் வெட்டு. வெட்டின் நிரப்பி என்பது நிரப்பிகளின் சேர்ப்பு. அகஸ்டஸ் டி மார்கன் 1806-இல் பிறந்தது நம் மதுரையில். அப்பா கம்பெனிப் படையில் இருந்தவர். சில மாதக் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்துக்குப் போய்விட்டது. எனக்கு என்னவோ இதை வகுப்பில் சொன்ன பிறகு பிள்ளைகள் அந்த விதியை மறப்பதில்லை.

மூன்று வட்டம் வந்தால் எங்கிருந்து ஆரம்பிப்பது?

நடுவிலிருந்து. எப்போதும் நடுவிலிருந்து.

மலையில் 80 வீடுகள் என்று வைப்போம். காப்பி 58, மிளகு 41, ஆரஞ்சு 30. காப்பியும் மிளகும் 33, காப்பியும் ஆரஞ்சும் 22, மிளகும் ஆரஞ்சும் 15. மூன்றும் உள்ளவை 12.

ஒரு செவ்வகம் போட்டு, அதற்குள் ஒன்றையொன்று வெட்டும் மூன்று வட்டம் போடுங்கள். மூன்றும் சந்திக்கும் நடு இடத்தில் 12 எழுதுங்கள். இப்போது 33-ஐ எடுங்கள். காப்பியும் மிளகும் உள்ள 33 வீட்டில் 12 ஏற்கெனவே நடுவில் உட்கார்ந்துவிட்டன. மீதி 21 வீட்டில் ஆரஞ்சு இல்லை. அவற்றுக்குக் காப்பி, மிளகு வட்டங்கள் இரண்டும் மட்டும் வெட்டிக்கொள்ளும் இடம்; அதை இதழ் என்று சொல்வேன். இதேபோல் 22 − 12 = 10, 15 − 12 = 3. பிறகு வட்டங்கள். காப்பி மட்டும்: 58 − 12 − 21 − 10 = 15. மிளகு மட்டும்: 41 − 12 − 21 − 3 = 5. ஆரஞ்சு மட்டும்: 30 − 12 − 10 − 3 = 5. ஏழு இடங்களையும் கூட்டினால் 71. செவ்வகத்துக்குள், ஆனால் வட்டங்களுக்கு வெளியே 9.

வெளியிலிருந்து ஆரம்பித்தால் என்ன ஆகும்? காப்பி வட்டத்தின் ஓரத்தில் 58 என்று எழுதிவிடுவீர்கள். அது முழு வட்டத்தின் எண். ஓரத்துக்கு உரியது 15 மட்டும். அங்கே ஆரம்பித்த தப்பு கடைசி வரை கூடவே வரும்.

படிவங்கள் கையில் இருந்தால் இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. கூடத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தரையில் கோலமாவால் மூன்று பெரிய வட்டம் போடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் நாலைந்து தாள் விரித்து வைக்க இடம் வேண்டும், அவ்வளவு பெரிதாக. ஒருவர் படிவத்தைப் படிக்கட்டும்: "காப்பி இருக்கு, மிளகு இல்ல, ஆரஞ்சு இருக்கு." இன்னொருவர் அதைக் காப்பி–ஆரஞ்சு இதழில் கொண்டுபோய் வைக்கட்டும். எதிலும் டிக் இல்லாத படிவம் வட்டங்களுக்கு வெளியே, சுவரோரம். எல்லாம் முடிந்ததும் எட்டுக் கட்டையும் எண்ணுங்கள். ஒரு தாளை ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வைக்க முடியாது என்பதால் இரட்டை எண்ணிக்கை என்ற பேச்சுக்கே இடமில்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு தடவை இப்படிச் செய்தபோது, சூத்திரம் கண்டாலே பின்வாங்கும் ஒரு பெண் தாளைக் கையில் வைத்துக்கொண்டே நின்று, "அப்போ 58-ங்கறது இந்த நாலு கட்டும் சேர்ந்துதானா டீச்சர்?" என்று கேட்டாள். அவளுக்கு அதற்குமேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சூத்திரம் தேவையே இல்லையா?

விடையைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் கூட்டு, இரண்டிரண்டாக வெட்டுவதைக் கழி, மூன்றும் வெட்டுவதைத் திரும்பக் கூட்டு: 58 + 41 + 30 − 33 − 22 − 15 + 12 = 71. படத்திலும் 71. கடைசியில் ஏன் கூட்டுகிறோம்? நடுவில் இருக்கும் 12 வீடுகளை முதலில் மூன்று தடவை எண்ணினோம், பிறகு மூன்று தடவை கழித்துவிட்டோம். இப்போது அவை கணக்கிலேயே இல்லை. அதனால் ஒரு தடவை சேர்க்கிறோம்.

ஓர் இடத்தில் கழித்தல் எண் வருகிறது. என்ன செய்வது?

கைவிட்டுவிடாதீர்கள், பூஜ்யம் என்று மாற்றியும் எழுதிவிடாதீர்கள். அது உங்கள் தரவு உங்களுக்குச் சொல்லும் தகவல்.

உதாரணத்துக்கு, மூன்றும் உள்ளவை 12, மிளகும் ஆரஞ்சும் உள்ளவை 3 என்று யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார். 3 − 12 = −9. வீட்டு எண்ணிக்கை கழித்தலில் வராது. பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்: அவர் கொடுத்த 3 என்பது மிளகும் ஆரஞ்சும் 'மட்டும்' உள்ள வீடுகள். அதாவது இதழின் எண்ணையே வெட்டின் எண் என்று எழுதிவிட்டார். எண்ணியவரிடம் கேளுங்கள். "இந்த மூணு வீட்டுல காப்பி இருந்ததா?" என்ற ஒரே கேள்வியில் தெரிந்துவிடும்.

வேறு காரணங்களும் உண்டு. இரண்டு பேர் வேறு வேறு நாளில் எண்ணியிருப்பார்கள். ஒருவர் 80 வீட்டுக்கும், இன்னொருவர் அன்றைக்குக் கிடைத்த 60 வீட்டுக்கும் எழுதியிருப்பார். எதுவானாலும் படிவக் கட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும். படிவங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டு என்னிடம் வந்த பிள்ளைகளுக்கு உதவ முடியாமல் நின்றிருக்கிறேன். அறிக்கை ஒப்படைக்கும் வரையாவது கட்டிப் பத்திரமாக வையுங்கள்.

எனக்கு மொத்தங்கள் மட்டும்தான் கிடைத்திருக்கின்றன. 100 பேரில் 70 பேர் டவுன் பஸ்ஸில் போகிறார்கள், 65 பேரிடம் இருசக்கர வண்டி உண்டு. இரண்டும் உள்ளவர்கள் எத்தனை?

துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆனால் எல்லை சொல்லலாம். 70 + 65 = 135, இருப்பது 100 பேர். அதனால் குறைந்தது 35 பேருக்கு இரண்டும் இருந்தே ஆக வேண்டும். அதிகபட்சம் 65, வண்டி வைத்திருக்கும் அத்தனை பேரும் பஸ்ஸிலும் போகலாம் அல்லவா? ஆக 35-க்கும் 65-க்கும் இடையில் எங்கோ.

செய்தியில் இப்படி இரண்டு சதவீதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டு, "ஆக பெரும்பாலானோர் இரண்டையும் பயன்படுத்துகின்றனர்" என்று முடித்திருந்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பல நேரம் அந்த முடிவுக்கு அவர்கள் கையில் ஆதாரம் இருக்காது. நீங்களே சர்வே எடுக்கும்போது இந்த நிலை வரக் கூடாது என்றால், ஒவ்வொரு ஆளின் பதிலையும் ஆள்வாரியாக வைத்திருங்கள். மொத்தம் மட்டும் குறித்துக்கொண்டு வந்தால் வெட்டுப் பகுதி என்றைக்கும் திரும்பக் கிடைக்காது.

வட்டத்தின் அளவு எண்ணுக்குத் தக்கபடி இருக்க வேண்டுமா?

வேண்டாம். ஜான் வென் 1880-இல் இந்தப் படங்களை எழுதியபோது அவர் பார்த்தது தருக்கத்தை. எந்தெந்தச் சேர்க்கை சாத்தியம் என்பது ஒன்றும் விடாமல் தெரிய வேண்டும் என்பதே நோக்கம். அவருக்கு நூறாண்டுக்கு முன்பே ஆய்லர் என்ற கணித அறிஞர் வட்டங்கள் போட்டிருக்கிறார். ஆய்லர் படத்தில் ஆளில்லாத பகுதியை வரையவே மாட்டார்கள். வென்படத்தில் வரைந்து, உள்ளே 0 என்று எழுதுவோம். சர்வேக்கு வென் வழிதான் நல்லது. 'மிளகு மட்டும்: 0' என்பதும் ஒரு கண்டுபிடிப்புதானே.

கூகுள் ஃபார்மில் எடுத்தேன். பதிலெல்லாம் ஒரே கட்டத்தில் கமா போட்டு வந்திருக்கிறது. இதை எப்படி எண்ணுவது?

ஒன்றுக்கு மேல் டிக் போடும் கேள்வியில் அப்படித்தான் வரும். ஷீட்டில் பக்கத்தில் காப்பி, மிளகு, ஆரஞ்சு என்று மூன்று நெடுவரிசை போட்டு, அந்தச் சொல் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று நிரப்புங்கள். நான்காவது நெடுவரிசையில் மூன்று இலக்கத்தையும் ஒட்டி எழுதுங்கள். 110 என்றால் காப்பியும் மிளகும் உண்டு, ஆரஞ்சு இல்லை. 001 என்றால் ஆரஞ்சு மட்டும். 111 நடு இடம், 000 வெளியே. எட்டுக் குறியீட்டில் ஒவ்வொன்றும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினால் எட்டு இடமும் நிரம்பிவிடும். கோலமாவு வட்டத்தில் செய்த அதே வேலை.

ஒன்று கவனியுங்கள். 001 என்று எழுதினால் ஷீட் அதை எண் என்று நினைத்து வெறும் 1 ஆக்கிவிடும். அந்த நெடுவரிசையை எழுத்து வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அப்புறம், கேள்வியையே தாண்டிப் போனவர்களை 000-இல் சேர்க்காதீர்கள். பதில் சொல்லாததும், 'இல்லை' என்று சொன்னதும் வேறு வேறு. 'மேற்கண்ட எதுவும் இல்லை' என்று ஒரு விடையைக் கேள்வியிலேயே வைத்துவிட்டால் இரண்டையும் பிரித்துவிடலாம்.

நான்கு பொருள் இருந்தால்? பலாவும் சேர்க்க நினைக்கிறேன்.

நான்கு வட்டம் போட்டு முயலாதீர்கள். நான்கு கணத்துக்கு 16 இடம் வேண்டும். நான்கு வட்டத்தை எப்படி வெட்டினாலும் 14 இடத்துக்கு மேல் கிடைக்காது. ஏதோ இரண்டு சேர்க்கைக்கு இடமே இல்லாமல் போகும். வென் நான்கு கணத்துக்கு நீள்வட்டங்களைப் பயன்படுத்தினார். வரைந்தால் வரும், ஆனால் படிப்பவர் திணறுவார். நான்கு இலக்கக் குறியீடு, 16 வரி அட்டவணை, அதிக எண்ணிக்கை மேலே வருமாறு அடுக்கியது; இது போதும்.

வட்டங்கள் நிறைய வெட்டிக்கொண்டால் இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று எழுதலாமா?

வெட்டுப் பகுதி பெரிதாக இருப்பதை மட்டும் வைத்து எழுதக் கூடாது. இரண்டு வட்டமும் பெரிதாக இருந்தால் வெட்டும் பெரிதாகத்தான் இருக்கும்.

வேறு மாதிரி கேளுங்கள். காப்பி உள்ள 58 வீட்டில் 33-இல் மிளகு. சுமார் 57 சதவீதம். காப்பி இல்லாத 22 வீட்டில் 8-இல் மிளகு. சுமார் 36 சதவீதம். இந்த இரண்டுக்கும் இடைவெளி இருப்பதால்தான் ஏதோ தொடர்பு இருக்கலாம் என்று யோசிக்க ஆரம்பிக்கலாம். 80 வீடு போன்ற சின்ன எண்ணிக்கையில் தற்செயலாகவும் இடைவெளி வரும் என்பதையும் மனத்தில் வையுங்கள். ஏன் என்ற கேள்விக்குப் படம் பதில் சொல்லாது, தோட்டம்தான் சொல்லும். சேர்வராயன் மலையில் காப்பிச் செடிக்கு நிழல் வேண்டும் என்று சில்வர் ஓக் வைக்கிறார்கள். மிளகுக் கொடிக்கு ஏறுவதற்கு ஒரு மரம் வேண்டும். நிழலுக்கு வைத்த மரத்திலேயே கொடியை ஏற்றிவிடுகிறார்கள். இதைத் தெரிந்துகொள்ள ஒரு தோட்டத்தில் அரை மணி நேரம் நடந்தால் போதும்.

சதவீதம் எழுதும்போது எதில் சதவீதம் என்பதையும் எழுதுங்கள். அதே 33 வீடுகள் மொத்த வீடுகளில் 41 சதவீதம், காப்பி வீடுகளில் 57, மிளகு வீடுகளில் 80. மூன்றும் சரி. எதில் என்று எழுதாவிட்டால் மூன்றும் பயனில்லை.

அனைத்துக் கணம் என்ற செவ்வகத்தைப் போடாமல் விட்டால் மதிப்பெண் குறையுமா?

பரீட்சையில் குறையலாம். அதைவிட, சர்வேயில் அர்த்தமே மாறிவிடும். செவ்வகம் என்பது யாரிடம் கேட்டீர்கள் என்பது. ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ஏரிப் படகுத்துறையில் நின்று கேட்டால், உங்கள் செவ்வகத்துக்குள் இருப்பவர்கள் அன்றைக்குச் சுற்றிப்பார்க்க வந்தவர்கள். மே மாதக் கோடை விழாவில் கேட்டால் அது இன்னொரு கூட்டம். இரண்டிலும் மலைக் கிராமங்களான நாகலூர், வாழவந்திக்காரர்கள் அநேகமாக இருக்க மாட்டார்கள். அந்தப் படத்தின் மேல் 'ஏற்காட்டு மக்களின் விருப்பம்' என்று தலைப்புப் போடுவது தவறு. செவ்வகத்தின் மூலையில் சின்னதாக எழுதிவிடுங்கள்: எந்த இடம், எந்த நாள், எத்தனை பேர், ஆளா வீடா.

வட்டத்துக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றி அறிக்கையில் என்ன எழுதுவது? பெரும்பாலும் நாங்கள் விட்டுவிடுகிறோம்.

நான் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். 80 வீட்டில் 9 வீடு வெளியே நிற்கிறது என்றால், அந்த 9 வீட்டுக்காரர்களும் உங்களுக்கு நேரம் ஒதுக்கி, திண்ணையில் உட்காரவைத்து, எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னவர்கள்தான். உங்கள் மூன்று வட்டத்தில் அவர்களுக்கு இடமில்லாமல் போனது நீங்கள் தேர்ந்தெடுத்த மூன்று பொருளால். சிலரிடம் நிலமே இல்லாமல் இருக்கலாம். பக்கத்து எஸ்டேட்டில் கூலிக்குப் போகிறவர்களாக இருக்கலாம். சிலர் சாமையோ காய்கறியோ போட்டிருக்கலாம். படத்தில் எல்லோரும் ஒரே 9-க்குள் இருக்கிறார்கள்.

அந்த 9 படிவத்தையும் தனியாக எடுத்து வையுங்கள். முடிந்தால் இன்னொரு நாள் பஸ் பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, அந்த வீடுகளுக்கு மட்டும் திரும்பப் போங்கள். புதுப் படிவம் எதுவும் வேண்டாம். "வேற என்ன போட்டிருக்கீங்க, எதுல பொழப்பு ஓடுது?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே படிவத்தின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள்.